நீள்முடி மன்னர்கள்: ஒரு பலகை விளையாட்டின் நாட்குறிப்பு

மார்ச் 2, 2025

ஆறாம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சை ஆண்ட ஜெர்மானிய மக்களான பிராங்கியரைப் பற்றி நான் செய்யும் ஆட்டத்துக்கு வரைபடம் தயாராகிவிட்டது. ரைன் ஆற்றிலிருந்து பிரனீஸ் மலைத்தொடர் வரை முப்பத்திரண்டு நகரங்கள். மரக்காய்களில் பூசிய வண்ணமும் காய்ந்துவிட்டது. மாலையில் நண்பர்கள் இருவரும் அக்கா மகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஆட்டம் நின்றுபோனது.

நிறுத்தியவை சீட்டுகளில் இருந்த பெயர்கள். கில்டெரிக், கில்பெரிக், கில்டெபெர்ட். தியூடெரிக், தியூடெபெர்ட், தியூடெபால்ட். யார் யாருடைய மகன், யார் யாருக்குப் பகைவன் என்று எவர் மனத்திலும் நிற்கவில்லை. ஒருவர் தம் தம்பி மகனின் படையை எதிரிப் படை என்று எண்ணித் தாக்கினார். தவறு தெரிந்ததும் சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டார்.

"சிவப்பு அரசன், நீல அரசன் என்று வைத்துவிடலாமே" என்றார் இன்னொரு நண்பர். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆறாம் நூற்றாண்டுப் பிராங்கியரைப் பற்றி ஓர் ஆட்டம் செய்துவிட்டு அவர்களுடைய பெயர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு பலகை. இத்தனை பெயர்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்றால் அதற்கு அந்த மக்களிடம் ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். அந்தக் காரணத்தை ஆடுபவர் கையில் கொடுக்க வழி தேடுகிறேன்.

மார்ச் 4

முதலில் எழுத்துச் சிக்கல். பிராங்கியர் பெயர்களை எழுதிவைத்தவர்கள் லத்தீன் படித்த எழுத்தர்கள். பிராங்கியரின் தொண்டைக்குள்ளிருந்து உரசிக்கொண்டு வரும் ஹகரத்துக்கு லத்தீனில் எழுத்து இல்லை. 'சி', 'எச்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதிச் சமாளித்தார்கள். அதைப் பிரெஞ்சு முறையில் 'சில்டெரிக்' என்று படிப்பதா, 'கில்டெரிக்' என்பதா? மூல ஒலிக்குக் ககரமே பக்கம். சீட்டுகளில் அப்படியே இருக்கட்டும்.

நாம் குளோவிஸ் என்று படித்த பிராங்கிய மன்னனின் பெயர் அவர்கள் வாயில் ஏறத்தாழ 'குளோடோவெக்'. காலப்போக்கில் முன்னால் இருந்த அந்த உரசல் ஒலி மெலிந்து மறைந்தது. குளோடோவெக் லுடோவிக் ஆனான். ஜெர்மன் மொழியில் லுட்விக், பிரெஞ்சில் லூயி. புரட்சியில் தலை வெட்டப்பட்ட பதினாறாம் லூயியும், ரைம்ஸ் நகரில் ஆயர் ரெமிகியுஸ் கையால் திருமுழுக்குப் பெற்ற குளோவிஸும் ஒரே பெயர்க்காரர்கள்! இதை இன்று மதியம் எழுதிப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. குளோவிஸின் மகன் குளோத்தாரும் இப்படியே லோத்தார் ஆனான்.

மார்ச் 9

பூட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது. பிராங்கியரின் அரச குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு துண்டுகளால் ஆனவை. ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பொருள் உண்டு. 'கில்ட்' என்றால் போர். 'தியூட்' என்றால் மக்கள். 'சிகி' வெற்றி, 'குந்த்' மீண்டும் போர், 'குளோத்' புகழ். பின்துண்டுகளில் 'ரிக்' ஆட்சி வலிமை, 'பெர்ட்' ஒளி, 'மேர்' பேர்பெற்றவன். குந்த்ராம் என்றால் போரும் அண்டங்காக்கையும். தாகோபெர்ட் என்றால் பகலும் ஒளியும்.

இரண்டு துண்டுகளும் சேர்ந்து ஒரு வாக்கியமாகப் பொருள் தர வேண்டிய கட்டாயம் இல்லை. பிரெடெகுந்த் அரசியின் பெயரில் 'அமைதி'யும் 'போரு'ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தந்தை வழியிலிருந்தோ தாய் வழியிலிருந்தோ ஒரு துண்டு, இன்னோர் இடத்திலிருந்து மறுதுண்டு என்று எடுத்துக் கோப்பார்கள். குளோவிஸின் மூத்த மகன் தியூடெரிக், அவன் மகன் தியூடெபெர்ட், அவன் மகன் தியூடெபால்ட் என மூன்று தலைமுறைக்கு அதே 'தியூட்' ஓடுகிறது. இனிஷியல் இல்லாத ஊரில் இதுதான் இனிஷியல்.

இன்று முழுவதும் சீட்டுகளை வெட்டினேன். இனி ஒவ்வோர் இளவரசனும் இரண்டு அரைச்சீட்டுகள். இடது அரையில் முன்துண்டு, வலது அரையில் பின்துண்டு, இரண்டுக்கும் கீழே தமிழில் பொருள். போர்+ஆட்சி: கில்டெரிக். உதவி+ஆட்சி: கில்பெரிக். போர்+ஒளி: கில்டெபெர்ட். சென்ற வாரம் குழம்பிய மூவரும் பொருளைப் பார்த்ததும் தனித்தனி ஆட்களாகத் தெரிகிறார்கள்.

மார்ச் 10

பெண்கள் பெயருக்கும் அதே துண்டுகள்தான். முன்துண்டு இருபாலருக்கும் பொது. ஆணா பெண்ணா என்று சொல்வது பின்துண்டு. 'குந்த்' முன்னால் வந்தால் குந்த்ராம் என்ற அரசன். பின்னால் வந்தால் ராடெகுந்த், பிரெடெகுந்த் என்ற அரசியர். புருன்ஹில்ட் என்ற அரசியின் பெயரில் முடிவாக நிற்கும் 'ஹில்ட்', கில்டெரிக்கின் முதலில் நிற்கும் அதே போர்.

திருமண விதியும் இதோடு சேர்ந்து அமைந்தது. மணநாளுக்கு மறுநாள் காலையில் கணவன் மனைவிக்குப் பரிசு தருவது பிராங்கியர் வழக்கம். குளோவிஸின் பேரன் கில்பெரிக், தான் மணந்த ஸ்பெயின் தேசத்து இளவரசி கல்ஸ்வின்தாவுக்கு எழுதித் தந்தது பொர்தோ, லிமோஜ், காஓர் உள்பட ஐந்து நகரங்கள். அவள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டாள். அந்த நகரங்கள் யாருக்கு என்ற கேள்வியை அவளுடைய தங்கை புருன்ஹில்ட் விடவே இல்லை. 587இல் ஆந்தெலோ உடன்படிக்கையில் அவற்றின் மீதான உரிமையை எழுதி வாங்கினாள். ஆகவே ஆட்டத்தில் காலைப் பரிசாகத் தந்த நகரத்தின் மேல் அரசியின் காய் நிற்கும். அவள் இறந்தால் காய் அவள் பிறந்த வீட்டாரிடம் போகும்.

மார்ச் 16

இரண்டாம் முறை ஆடிப் பார்த்தோம். பெயர்க் குழப்பம் இல்லை. அடுத்த சிக்கல் பாகப்பிரிவினை.

குளோவிஸ் 511இல் இறந்தபோது நாடு நான்கு மகன்களுக்குப் பிரிந்தது. தியூடெரிக்குக்கு ரைம்ஸ், குளோடோமருக்கு ஓர்லியான், கில்டெபெர்ட்டுக்குப் பாரிஸ், குளோத்தாருக்குச் சுவாசோன். கடைசி மகன் குளோத்தார் எல்லாரையும்விட நெடுநாள் வாழ்ந்து 558இல் முழு நாட்டையும் ஒன்றாக்கினான். 561இல் அவன் இறந்ததும் மறுபடி நான்கு மகன்கள் (காரிபெர்ட், குந்த்ராம், சிகிபெர்ட், கில்பெரிக்), மறுபடி நான்கு பங்கு.

அக்கா மகள் ஐந்து சுற்றுகளாகச் சேர்த்த நாடு கண்ணெதிரே நான்காகப் பிரிந்ததைப் பார்த்துக் கண் கலங்கினாள். "நான் நன்றாக ஆடியதற்கு இது தண்டனையா, மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இரவு வெகுநேரம் அதே நினைப்பு.

வியூக விளையாட்டுகளில் வழக்கமாகப் பாகப்பிரிவினை ஒரு நோய். சட்டம் மாற்றித் தப்பிக்க வேண்டியது. பிராங்கிய அரசர்களுக்கு அது நோயாகத் தெரியவில்லை. அரசுரிமை குடும்பத்தின் இரத்தத்தில் இருந்தது; மகன்கள் எல்லாருக்கும் அந்த இரத்தம் இருந்தது. ஆடுபவரைத் தனி அரசனாக உட்காரவைத்தது என் தவறு. அவர் ஒரு கிளையாக இருக்க வேண்டும். தந்தை இறந்ததும் ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு மகனை எடுத்துக்கொள்ளட்டும். வெளிப்பகைக்கு எதிராகச் சேர்ந்து நிற்கட்டும், நகரங்களுக்காகத் தமக்குள் மோதட்டும். நாளை விதிப்புத்தகத்தின் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். எழுதுவேன்.

மார்ச் 23

முடி.

மெரோவிங்கிய அரசர்கள், அதாவது குளோவிஸின் குலத்தார், முடி வெட்டுவதில்லை. பெல்ஜியத்தின் தூர்னே நகரில் 1653இல் குளோவிஸின் தந்தை கில்டெரிக்கின் கல்லறை கிடைத்தது. அதில் ஒரு பொன் முத்திரை மோதிரம். தோளில் விழும் நீண்ட முடி, கையில் ஈட்டி, சுற்றிலும் 'கில்டெரிக் மன்னனுடையது' என்ற லத்தீன் எழுத்து. 1831இல் பாரிஸில் அந்தப் புதையல் திருடுபோய்ப் பெரும்பகுதி உருக்கப்பட்டது. மோதிரம் போயிற்று, அச்சு மட்டும் எஞ்சியது. அந்த உருவத்தைத்தான் என் அரசக் காய்களின் தலையில் செதுக்கியிருக்கிறேன்.

முடி வெட்டப்பட்டவன் அரசன் இல்லை. குளோடோமர் 524இல் பர்கண்டியரோடு நடந்த வெசெரோன்ஸ் போரில் இறந்தான். அவனுடைய சிறு மகன்கள் பாட்டி குளோதில்டிடம் வளர்ந்தார்கள். சிற்றப்பன்மார் கில்டெபெர்ட்டும் குளோத்தாரும் பிள்ளைகளை வரவழைத்துப் பிடித்துவைத்துக்கொண்டு, பாட்டியிடம் ஒரு தூதனை அனுப்பினார்கள். அவன் ஒரு கையில் கத்தரிக்கோல், மறுகையில் உருவிய வாள். முடி வெட்டி வாழவிடலாமா, கொன்றுவிடலாமா? அரசராக முடியாது என்றால் வெட்டப்பட்ட முடியோடு பார்ப்பதைவிடப் பிணமாகப் பார்ப்பேன் என்று அவள் துயரத்தின் வேகத்தில் சொல்லிவிட்டாள். தூதன் அவளை மறுபடி யோசிக்க விடவில்லை. ஒரு பிள்ளைக்குப் பத்து வயது, இன்னொருவனுக்கு ஏழு. சின்னவன் கில்டெபெர்ட்டின் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். கில்டெபெர்ட் அழுதான், தம்பியிடம் கெஞ்சினான். குளோத்தார் கேட்கவில்லை. தூர் நகர ஆயர் கிரெகரி எழுதிவைத்த செய்தி இது. எத்தனை முறை படித்தாலும் அந்த ஏழு வயதுப் பிள்ளையின் கைகளைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை.

மூன்றாமவன் குளோடோவால்ட் தப்பினான். தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு துறவியானான். பாரிஸுக்கு மேற்கே இருக்கும் சேன் குளூ என்ற ஊர் அவன் பெயரில் வழங்குகிறது.

இதை ஆட்டத்தில் வைக்கலாமா என்று பல நாள் தயங்கினேன். வைக்கிறேன். ஆனால் புள்ளி கிடையாது, பகடை கிடையாது. அநாதை இளவரசன் பிடிபட்டால் பிடித்தவர் இரண்டு சீட்டுகளை மேசையில் வைக்க வேண்டும். பிள்ளையின் கிளையை ஆடுபவர் ஒன்றைத் தொட வேண்டும். கத்தரிக்கோல் என்றால் காய் மடத்துக்குப் போகும்.

மார்ச் 24

மடத்துக்குப் போன முடி மறுபடி வளரும் என்பதை மறந்துவிட்டேன். குந்தோவால்ட் தன்னைக் குளோத்தாரின் மகன் என்று சொல்லிக்கொண்டவன். குளோத்தார் அவன் முடியை வெட்டினான். பிறகு சிகிபெர்ட்டும் வெட்டினான். அவன் கான்ஸ்டான்டிநோபிள் போய், வளர்ந்த முடியோடு திரும்பிவந்து அரியணை கேட்டான், 585இல் கொல்லப்பட்டான். மடத்தில் உள்ள காய் மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெளியே வரலாம். விதி அவ்வளவே.

ஏப்ரல் 5

பாரிஸ் விதி. 567இல் காரிபெர்ட் இறந்தபின் எஞ்சிய மூன்று சகோதரர்களும் பாரிஸைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். மற்றவர் இசைவு இல்லாமல் எவரும் உள்ளே போகக் கூடாது. மீறினால் புனிதர்களின் சாபம். 583இல் கில்பெரிக் போனான். எப்படி? சாபம் தன்மேல் விழாதபடி புனிதர்களின் எலும்பு முதலான திருப்பண்டங்களை முன்னே சுமக்கவைத்து, ஈஸ்டருக்கு முந்தைய நாள் உள்ளே நுழைந்தான். மறு ஆண்டு ஷெல் ஊரில் குத்திக் கொல்லப்பட்டான்.

பலகையில் பாரிஸ் இனி யாருக்கும் சொந்தமில்லை. நுழைய விரும்புபவர் தம்மிடமுள்ள திருப்பண்டச் சீட்டுகளில் மூன்றைச் செலவழிக்க வேண்டும்.

ஏப்ரல் 13

இத்தனை நாள் பெயரை அடையாளமாக மட்டும் நினைத்திருந்தேன். அது ஒரு நகர்வு.

591இல் நான்தேர் என்ற ஊரில் கில்பெரிக்கின் சிறு மகனுக்குத் திருமுழுக்கு. பெரியப்பன் குந்த்ராம் பிள்ளையைத் தொட்டியிலிருந்து தூக்கி, குளோத்தார் என்று பெயரிட்டு, இந்தப் பெயரை உடையவன் பெற்றிருந்த வலிமையை இவனும் பெறட்டும் என்று வாழ்த்தினான். பிள்ளை யாருடைய மகன் என்ற ஐயம் ஊரில் இருந்தது. குந்த்ராமின் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததும் அவன் முதலாம் குளோத்தாரின் பேரன் என்பது உறுதியாயிற்று. நம் மொழியில் பேரன் என்ற சொல்லே பெயரன்தான். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 613இல் அந்தப் பிள்ளை, தாத்தாவைப் போலவே, முழு நாட்டையும் ஒன்றாக்கினான்.

அரசரில்லாதவர்களும் இதை அறிந்திருந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் அரசன் பேரில் ஆட்சியை நடத்திய அரண்மனை மேயர் கிரிமோவால்ட் தன் மகனுக்குக் கில்டெபெர்ட் என்ற மெரோவிங்கியப் பெயரைச் சூட்டி அரியணையில் ஏற்றிப் பார்த்தான், நிலைக்கவில்லை. 778இல் அடுத்த குலத்துப் பிராங்கிய அரசன் சார்லமேன் தன் இரட்டைப் பிள்ளைகளுக்கு லூயி, லோத்தார் என்று பெயரிட்டான். குளோவிஸ், குளோத்தார்! பழைய குலத்தின் கடைசி மன்னனுடைய முடியை வெட்டி மடத்துக்கு அனுப்பியவன் சார்லமேனின் தந்தை. அது நடந்தது 751இல். இருபத்தேழு ஆண்டில் அந்தக் குலத்தின் பெயர்கள் இந்த வீட்டுத் தொட்டிலுக்கு வந்துவிட்டன.

புதிய விதி: இறந்த அரசர்களின் பெயர்ச் சீட்டுகள் கல்லறை அடுக்கில் கிடக்கும். குழந்தை பிறந்தால் அரைச்சீட்டுகளைக் கோத்துப் புதுப்பெயர் வைக்கலாம். அல்லது கல்லறையிலிருந்து முழுப்பெயரை எடுக்கலாம். எடுத்தால் அந்த மூதாதை ஆண்ட நகரங்கள்மேல் உரிமை கிடைக்கும். அதே உரிமை காரணமாகச் சிற்றப்பன்மாரின் கத்தியும் அந்தத் தொட்டிலைத் தேடி வரும்.

ஏப்ரல் 15

குடியானவர் பெயருக்குப் பாரிஸ் அருகே சேன் ஜெர்மேன் மடத்தின் ஒன்பதாம் நூற்றாண்டு நிலக்கணக்கு உதவியது. மடத்தலைவர் இர்மினோன் காலத்தது. அதில் போடோ என்றொரு குத்தகையாளர், மனைவி எர்மெந்திரூட், மூன்று பிள்ளைகள். மடத்துக்குக் கட்டிய வரியில் மூன்று கோழிகளும் பதினைந்து முட்டைகளும் அடக்கம். இருவரையும் வரிச் சீட்டின் மேல் எழுதிவிட்டேன். காலம் பிந்தியது, ஆனாலும் எந்த விளையாட்டிலும் இவர்களுக்கு இடம் தராமல் இருக்க மனம் வரவில்லை.

ஏப்ரல் 20

நான்கு மணி நேரம். ஆட்டம் முடிந்தது, முதன்முறையாக.

அக்கா மகள் குளோடோமரின் கிளை. அவள் அரசன் மூன்றாம் சுற்றில் போரில் விழுந்தான். பிள்ளையைப் பிடித்த நண்பர் இரண்டு சீட்டுகளையும் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் வெகுநேரம் பார்த்தாள். கத்தரிக்கோலைத் தொட்டாள்.

ஆறாம் சுற்றில் அவளுடைய காய் முடி வளர்ந்து மடத்திலிருந்து வெளியே வந்தது. ஏழாம் சுற்றில் அதற்கு ஒரு மகன் பிறந்தான். அவள் அரைச்சீட்டுகளைத் தொடவே இல்லை. கல்லறை அடுக்கை விரித்து, அடியில் கிடந்த சீட்டை உருவி மேசையில் வைத்தாள். குளோடோமர். எதிரே இருந்த இருவரும் உடனே தங்கள் படைகளை ஓர்லியான் பக்கம் திருப்பினார்கள்.