துணிக்கடைக் குறியும் ஷாத்திபி இமாமும்

தன் கவிதையில் மொத்தம் எத்தனை பைத்து (இரண்டு அரையடி சேர்ந்த வரி) என்பதைக் கவிதைக்குள்ளேயே சொல்லிவிட்டுப் போனவர், குர்ஆன் ஓதும் முறைகளைப் பாட்டாகக் கட்டிய ஷாத்திபி இமாம். ஆயிரம், அதோடு மூன்று, கூடவே நூறு, எழுபது. கூட்டினால் 1173. பின்னால் வருகிறவன் ஒரு பைத்தை விழுங்கினாலும் சரி, சொந்தச் சரக்கை நுழைத்தாலும் சரி, கணக்கு இடிக்கும். வியாபாரி மகளான எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்களுக்குத் துணிக்கடை. அத்தா காலத்தில் சம்பள நாளன்று கைலி, சேலை மூட்டையோடு தோட்டம் தோட்டமாகப் போவார்கள். இப்போது தோட்டத்து ஆட்கள் பாதிப்பேர் டவுனுக்கே குடிவந்துவிட்டதால் கடையோடு சரி. அக்கா மகன் தஹ்ஃபீஸ் பள்ளியில், அதாவது குர்ஆன் மனப்பாடப் பள்ளியில் ஓதுகிறான். ஹிஃப்ழு (மனப்பாடம்) முடித்தாகிவிட்டது, இப்போது கிராஅத் (ஓதும் முறைகள்) பாடம். லீவுக்கு வந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைலி மடித்துக்கொண்டே ஏதோ முணுமுணுப்பான். குர்ஆன் இல்லை, நபி புகழ் பாடும் மௌலிது பைத்தும் இல்லை. ஒவ்வொரு வரியும் "லா" என்று முடிகிறது. என்னடா இது என்றேன். "ஷாத்திபி இமாமோட ஷாத்திபிய்யா, சின்னம்மா. முழுசும் மனப்பாடம் பண்ணணும்" என்றான்.

பண்ணட்டும். ஆனால் எழுதியவரைப் பற்றிக் கேட்டால் பையனுக்குத் தெரிந்தது கராமத் (இறைநேசரின் அற்புதம்) கதைகள்தான். நம் ஊர் செராமாக்களிலும் (மார்க்கச் சொற்பொழிவுகளிலும்) அதே கதைதான். ஒருநாள் பாடத்துக்கு முதலில் வந்த மாணவனை விட்டுவிட்டு, "இரண்டாவதாக வந்தவர் ஓதட்டும்" என்றாராம் இமாம். முதலில் வந்தவனுக்கு அப்போதுதான் குளிப்புக் கடமையானது (குளிக்காமல் குர்ஆன் ஓதக்கூடாத நிலை) நினைவுக்கு வந்ததாம். பக்கத்து ஹம்மாமுக்கு ஓடிப்போய்க் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தானாம். உடனே "முதலில் வந்தவர் ஓதட்டும்" என்றாராம். நல்ல கதை, நானும் ரசித்தேன். ஆனால் அந்த மனிதர் செய்து வைத்த வேலை இதைவிடப் பெரிய அதிசயம். அதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

அவர் பிறந்தது ஹிஜ்ரி 538இல், அதாவது 1144 வாக்கில், இன்றைய ஸ்பெயினில் வலென்சியாவுக்குத் தெற்கே உள்ள ஷாத்திபா ஊரில். அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது காகிதம். உலகத்தில் வேறெங்கும் இதுபோலக் காகிதம் கிடையாது என்று அதே நூற்றாண்டில் புவியியல் அறிஞர் இத்ரீஸீ எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் பார்வையில்லாமல் பிறந்தவர் இவர். கண்ணில்லை என்பதே பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதாம், நடை உடை எல்லாம் அப்படி. ஊரிலேயே கிராஅத் ஓதிவிட்டு, வலென்சியாவில் இப்னு ஹுதைல் என்ற உஸ்தாதிடம் போனார். அங்கே தானீ இமாமின் "தைஸீர்" என்ற நூலை மனத்திலிருந்தே ஒப்பித்தார்.

கிராஅத் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். குர்ஆன் ஒன்றுதான். ஆனால் நபி (ஸல்) அவர்களிடமிருந்து வழிவழியாக வந்த ஓதும் முறைகள் பல. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு முஜாஹித் என்பவர் ஏழு இமாம்களின் ஓதலைத் தேர்ந்து தொகுத்தார். மதீனாவின் நாஃபிஉ, மக்காவின் இப்னு கஸீர், பஸராவின் அபூ அம்ரு, டமாஸ்கஸின் இப்னு ஆமிர், கூஃபாவின் ஆஸிம், ஹம்ஸா, கிஸாஈ. 1053இல் மறைந்த தானீ, ஒவ்வொருவருக்கும் இரண்டு அறிவிப்பாளர் (அவர் ஓதலை அடுத்தவர்களுக்குக் கொண்டுசேர்த்தவர்) என்று பதினான்கு பேரோடு தைஸீரை எழுதினார். மலேசியாவில் நாம் ஓதுவது ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸு அறிவித்த முறை. மொராக்கோக்காரர்கள் ஓதுவது நாஃபிஉவிடமிருந்து வர்ஷு அறிவித்தது.

தைஸீர் உரைநடை. எந்தச் சொல்லை யார் எப்படி ஓதினார் என்று பெயர் பெயராகப் போகும். அதை மனத்தில் நிறுத்துவது லேசில்லை. ஷாத்திபி அதை எடுத்து, ஒரே யாப்பில், ஒரே இயைபில், 1173 பைத்துக்குள் அடக்கினார். எப்படி அடங்கியது என்று பையன் விளக்கியபோது எனக்கு அத்தாவின் துணிக்கட்டு நினைவுக்கு வந்தது.

அத்தா துணியின் அசல் விலையை எண்ணில் எழுதமாட்டார்கள். எழுத்து திரும்பி வராத பத்தெழுத்துச் சொல் ஒன்று வைத்திருந்தார்கள், ஓர் எழுத்துக்கு ஓர் எண். வாங்க வருகிறவர் கண்ணுக்கு அது வெறும் கிறுக்கல். கடைப் பையனுக்கு எவ்வளவு வரை இறங்கலாம் என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். (அந்தச் சொல் என்ன என்று கேட்காதீர்கள். கடையில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.)

ஷாத்திபியும் ஆளுக்கொரு எழுத்து வைத்தார். அப்ஜத் (பழைய அரபு எழுத்து) வரிசையில் அலிஃப் நாஃபிஉவுக்கு, பே அவருடைய அறிவிப்பாளர் காலூனுக்கு, ஜீம் இன்னோர் அறிவிப்பாளர் வர்ஷுக்கு. இப்படியே கடைசி ஆள் வரை. வாவு மட்டும் யாருக்கும் இல்லை. ஒரு விஷயம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று காட்ட அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். சில கூட்டத்துக்குத் தனிச் சொல்லே உண்டு. மக்காக்காரரும் மதீனாக்காரரும் ஒத்துப்போனால் "ஹிர்மீ".

ஆனால் அத்தாவின் குறி குறியாகவே கிடந்தது, இவருடையது கவிதையாகவும் நிற்கிறது. குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் "மாலிகி யவ்மித்தீன்" என்று நீட்டி ஓதுகிறோம். ஏழு பேரில் ஐந்து பேர் குறுக்கி "மலிகி" என்று ஓதுகிறார்கள். இதற்கு ஷாத்திபி வைத்த அரையடி: "வ மாலிகி யவ்மித்தீனி ராவீஹி நாஸிருன்". அப்படியே பொருள் கொண்டால், இதை அறிவித்தவர் துணை நிற்பவர் என்று பாராட்டு மாதிரி இருக்கும். உள்ளே பார்த்தால் "ராவீஹி"யின் ரே கிஸாஈ, "நாஸிருன்" என்பதன் நூன் ஆஸிம். இந்த இரண்டு பேர்தான் நீட்டியவர்கள். மற்றவர்கள் குறுக்கினார்கள் என்பதைச் சொல்லவே இல்லை, எதிர்மறை தானாக விளங்கும் என்று முன்னுரையிலேயே விதி போட்டுவிட்டார். நீட்ட வேண்டும் என்பதைக்கூடச் சொல்லவில்லை. குறுக்கி ஓதிப் பாருங்கள், யாப்பு தட்டும். தாளமே பாடம் சொல்லிக்கொடுக்கிறது. பையன் விரலால் மேசையில் தட்டிக் காட்டினான், கைலி வாங்க வந்த சீனத்து ஆன்ட்டி கூடச் சிரித்துக்கொண்டே நின்று கேட்டார்.

இவ்வளவையும் ஓர் எழுத்தைக்கூடக் கண்ணால் பார்த்திராதவர் செய்தார். இன்னொன்றும் செய்தார். முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) எந்தச் சொல்லை அலிஃப் போட்டு எழுத வேண்டும், எதில் போடக்கூடாது என்ற எழுத்து முறைக்கே 298 பைத்தில் தனி நூல், "அகீலா". தானீயின் இன்னொரு நூலைத் தழுவியது. அது இன்றுவரை பாடம்.

ஊரை விட்டு ஏன் போனார்? பள்ளிவாசல் கத்தீபாக (வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் செய்பவராக) இருக்கச் சொன்னார்கள். மின்பரில் (பிரசங்க மேடையில்) ஏறி அமீர்களை (ஆட்சியாளர்களை) அளவுக்கு மீறிப் புகழ வேண்டியிருக்கும் என்பதால், ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார், திரும்பவில்லை என்கிறார்கள். கராமத்தைவிட எனக்கு இது பெரிது. கவிதையை அந்தலூஸிலேயே (முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினிலேயே) தொடங்கி, "எழுத்தை அடையாளமாக வைத்தேன்" என்று சொல்லும் பைத்து வரை கட்டியிருந்தாராம். மீதி முழுக்கக் கெய்ரோவில். அங்கே சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காழீ அல்ஃபாழில் தான் கட்டிய மத்ரஸாவில் இவரை உட்கார வைத்தார். வீண்பேச்சுக் கிடையாது. வுழூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) இல்லாமல் பாடம் நடத்தமாட்டார். நோய் வந்து படுத்தபோதும், எப்படி இருக்கிறீர்கள் என்றால் "ஆஃபியத்" (நலம்) என்பதோடு சரி. புகாரி, முஸ்லிம், முவத்தா ஆகிய நபிமொழி நூல்களை மற்றவர்கள் வாசித்தால், இவர் நினைவை வைத்துப் பிரதிகளைத் திருத்திக்கொள்வார்களாம். ஜெருசலம் 1187இல் ஸலாஹுத்தீன் கைக்கு வந்த பிறகு அங்கேயும் போய்வந்தார். 1194இல், ஐம்பது சொச்சம் வயதில், கெய்ரோவில் மவுத். கராஃபா மையவாடியில் அடக்கம்.

கவிதை பரவியது மாணவர் ஸகாவியால். அவர் டமாஸ்கஸில் இருந்து விரிவுரை எழுதினார். பிறகு ஆளாளுக்கு எழுதியாகிவிட்டது. 1429இல் மறைந்த இப்னுல் ஜஸரீ இன்னும் மூன்று ஓதல்களைச் சேர்த்துப் பத்தாக்கி, அதே யாப்பில் அதே எழுத்து முறையில் தொடர்ச்சியாக ஒரு கவிதையே கட்டினார்.

எங்கள் பையன் இப்போது ஹம்ஸா இமாமும், இப்னு ஆமிரின் அறிவிப்பாளர் ஹிஷாமும் ஹம்ஸு என்ற அரபு எழுத்தில் எப்படி நிறுத்துவார்கள் என்ற பாடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான். அது எல்லோரையும் படுத்துகிற பாடமாம். உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். யூடியூபில் எகிப்து ஓதுநர் ஷைகு ஹுஸரீ வர்ஷு முறையில் ஓதிய ஃபாத்திஹா கிடைக்கிறது. நாலாவது வரியை மட்டும் கவனித்துக் கேளுங்கள், "மலிகி" என்று குறுகும்.