அக்பர் சமையலறையின் ஜர்த் பிரிஞ்ச்: கற்கண்டு வசப்பட்டது

ஜர்த் பிரிஞ்ச், அதாவது குங்குமப்பூ போட்ட மஞ்சள் நிறச் சர்க்கரைச் சோறு, ஒருவழியாக நேற்று சரியாக வந்தது. பருக்கை பருக்கையாக உதிர்ந்தும் நிற்கிறது, விரலால் அழுத்தினால் மெத்தென்று நசுங்கவும் செய்கிறது. சர்க்கரைச் சோறு செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அக்பர் அவையிலிருந்த அபுல் ஃபஸல் அவருடைய ஆட்சியைப் பற்றி எழுதிய அயினி அக்பரி என்ற நூல் சாமான்களின் அளவை மட்டும் சொல்கிறது; எதை எப்போது போடுவது என்பது நம் பாடு. இறைச்சி சேராத வகையில் வரும் ஜர்த் பிரிஞ்சுக்கு அரிசி 10 சேர், கற்கண்டு 5, நெய் மூன்றரை, திராட்சை, பாதாம், பிஸ்தா தலா அரை, உப்பு கால், இஞ்சி அரைக்கால் சேர். பிறகு குங்குமப்பூ ஒன்றரை தாம், பட்டை இரண்டரை மிஸ்கால் (தாம், மிஸ்கால் இரண்டும் அந்தக் காலத்துச் சிறிய எடைகள்). அக்பர் காலத்துச் சேர் 30 தாம் எடை. ஒரு தாம் ஏறத்தாழ 21 கிராம். ஆக, அரிசி மட்டுமே 6.3 கிலோ! எல்லாவற்றையும் 25-ஆல் வகுத்தேன்: அரிசி 250 கிராம், கற்கண்டு 125, நெய் 88.

சிக்கலெல்லாம் கற்கண்டில்தான். அரைவேக்காட்டில் இனிப்பு பட்டால் அரிசி அதற்குமேல் வேகவே வேகாது. எவ்வளவு நேரம் தம்மில் வைத்தாலும் நடுவில் விறைப்பு இருக்கும். அதனால் பிரியாணிக்கு எடுக்கிற முக்கால் பதம் இதற்கு ஆகாது. முழுக்க வேகவிட்டு, வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆவி போக ஆறவிட வேண்டும். கற்கண்டைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பிசுபிசுப்பு வந்ததும் சோற்றைச் சேர்த்தேன். முதலில் நீர்த்துக்கொண்டு கஞ்சி மாதிரி தெரியும். அப்போது கிளறவே கூடாது. சோறு பாகைக் குடித்து இறுகத் தொடங்கும்போது நெய்யை ஓரமாக விட்டு, தோசைக்கல்லின் மேல் தம்.

உப்பு ஆறு கிராமுக்கு மேல் வருகிறது. அதை வடிக்கிற உலைநீரில் போட்டேன். பாதிக்கு மேல் கஞ்சியோடு போய்விடும், மிச்சம் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கும். இஞ்சியை யாரும் விட்டுவிடாதீர்கள். மூன்று கிராம்தான், ஆனால் அத்தனை நெய்யும் திகட்டாமல் இருப்பது அதனால்தான்.

குங்குமப்பூ கணக்குப்படி ஒன்றேகால் கிராம். ஒரு கிராம் டப்பாவே போதாது! அரசர் வீட்டுச் சமையல் என்பது இந்த ஒரு வரியில் புரிகிறது. வாங்கும்போது ஓர் இழையை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நல்ல பூ மெதுவாக மஞ்சளை விடும், இழை சிவப்பாகவே இருக்கும். உடனே சிவப்புச் சாயம் ஓடினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அக்பருக்கு சுக்தாஸ் அரிசி பஹ்ராயிச்சிலிருந்தும், நெய் ஹிஸாரிலிருந்தும் போயிருக்கிறது. நான் பழைய பாஸ்மதியில் செய்தேன். சீரகச் சம்பாவில் ஒரு தடவை பார்க்க ஆசை. மணம் இன்னும் நன்றாக வரும் என்று நம்புகிறேன்.

பிஸ்தாவை முழுதாகப் போடுவதா, சீவிப் போடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் மனசு கிச்சடிக்குப் போய்விட்டது. அதே நூலில் அரிசி, உடைத்த பருப்பு, நெய் மூன்றும் சமமாக 5 சேர்! அரிசி அளவுக்கு நெய் குடிக்கிற பருப்பு எதுவென்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன். பாசிப்பருப்பில் ஆரம்பிக்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.