இன்னும் ஒரே ஒரு காலம்

ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுற ஒரு சின்ன டீம்ல நான் சேர்ந்தப்போ டேட்டாபேஸ்ல சரக்கு விவரம் வெக்கற ஐட்டம் டேபிள்ல ஏற்கெனவே 90 காலம் (நேரம் இல்ல, column) இருந்துச்சு. சேலைக்கு பிளவுஸ் பிட் உண்டா இல்லையா, வேட்டிக்கு எத்தன முழம், பனியன் துணிக்கு ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் எத்தன கிராம்), நூலுக்கு கவுண்ட்டுன்னு (நூல் எவ்ளோ மெல்லிசுங்கற நம்பர்) ஒவ்வொரு கடைக்காரர் கேக்கறப்பவும் இன்னும் ஒரே ஒரு காலம் தானேன்னு சேத்துக்கிட்டே போயிருக்காங்க, எந்த வரிசைய எடுத்தாலும் முக்காவாசி காலி.

நான் புத்திசாலித்தனமா ஒரு வேல பண்ணேன். ஐட்டம் நம்பர், குணத்தோட பேரு, மதிப்பு, இந்த மூணு காலம் மட்டும் வெச்சு, ஒரு குணத்துக்கு ஒரு வரிசைன்னு ஒரு டேபிள், இனிமே எதையுமே மாத்த வேண்டாம்ல! ரெண்டு மாசம் சந்தோஷமா இருந்தேன். அப்புறம் எட்டு முழம், வெள்ளை, பச்சைக் கரை வேட்டி எவ்வளவு ஸ்டாக் இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் கேட்டாங்க, குணத்துக்கு ஒரு ஜாயின் (டேபிள்கள இணைக்கறது) போட்டு போட்டு, டேட்டாபேஸ்கிட்ட கேக்கற குவெரி ஒரு பக்கத்துக்கு வந்துச்சு, ஓடவும் மாட்டேங்குது. எல்லா மதிப்பும் டெக்ஸ்ட்டா கெடக்கறதால 40 கவுண்ட்டுக்கு முன்னாடி 100 கவுண்ட் வந்து நிக்குது.

கடைசில போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸோட 9.4ல வந்த ஜேசன்பிக்கு மாறினோம், அதாவது ஒரே காலத்துக்குள்ள பேரும் மதிப்புமா எத்தன வேணாலும் போட்டு வெக்கலாம். எல்லா ஐட்டத்துக்கும் பொதுவானது தனித்தனி காலம், துணிக்குத் துணி மாறுறது மட்டும் ஜேசன்பி, அதுக்குள்ள சீக்கிரமா தேட ஒரு ஜின் இண்டெக்ஸ். அதுலயும் ஒரு கடை கலர்னு அடிக்குது இன்னொண்ணு நிறம்னு அடிக்குது, அதனால எந்த வகைக்கு எந்தெந்த பேரு வரலாம்னு ஒரு பட்டியல் நாமளே வெச்சு செக் பண்ண வேண்டியதாச்சு.

வரி மட்டும் இதுல அடங்கவே இல்ல. 2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்தப்போ ரெடிமேட் துணி 1000 ரூபா வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 12. அதாவது வரி ஐட்டத்தோட குணமே இல்ல, வெலையப் பொறுத்தும் தேதியப் பொறுத்தும் மாறுது! அதனால எச்எஸ்என் (வரிக்காக சரக்க வகைப்படுத்தற கோட் நம்பர்), வெலை வரம்பு, ரேட், எந்த தேதிலேர்ந்து எது வரைக்கும்னு தனி டேபிள் போட்டோம். 2025 செப்டம்பர் 22ல வரம்பு 2500 ஆகி மேல 18 ஆனப்போ பழைய வரிசைங்கள முடிச்சுவிட்டு புதுசா சேத்தோம், அவ்ளோதான், புரோகிராம் கோட்ல ஒரு லைன்கூட மாத்தல.

அன்னிக்கு காலைல திருப்பூர்லேர்ந்து ஒருத்தர் போன், போன வாரம் 1500க்கு வித்த சட்டை திரும்பி வந்திருக்கு, 12ஆ 5ஆன்னு. பழைய பில் நம்பர் அடிங்க, அந்தத் தேதி ரேட்ட அதுவே எடுத்துக்கும்ங்ணான்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.