ஆமை ஏறிவிட்டது: மிதக்கும் மேடை, ஒருவழியாக

ஏறிவிட்டது! இன்று காலை பல் விளக்கிக்கொண்டே வளவுப் பக்கம் போனால், வெயில் காய நான் செய்து வைத்த மேடையின் நடுவில் கழுத்தை முழுதாக நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் தூக்கிப் போட்டு, விரலிடைத் தோலையும் விரித்து வைத்துக்கொண்டு கிடக்கிறது. ஆமை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கிடையின் அருமை தெரியும். பயம் இருந்தால் கால் வெளியே வராது.

சிவப்புக்காது ஆமைதான். பெரியம்மா மகன் கொழும்பில் மாடி வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தான். வெளிநாடு போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஓடு ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர். முன்னங்கால் நகம் கட்டையாக இருப்பதால் பெண் என்று நினைக்கிறேன். பெண் என்றால் 25, 30 சென்ரிமீற்றர் வரை வளரும், 20 வருடத்துக்கு மேல் இருக்கும். ஆகவே கண்ணாடித் தொட்டி யோசனையை முதலிலேயே விட்டுவிட்டேன். அம்மாவும் அதற்கு ஒரு காரணம். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று வாசலிலேயே நின்றுகொண்டார். வீட்டுக்குள் வராது, வளவில்தான் இருக்கும் என்று சொன்ன பிறகுதான் வழி விட்டார்.

வளர்ப்புக் குறிப்பு எதை எடுத்தாலும் குளிர் நாட்டுக்காரர் எழுதியதுதான். தண்ணீரைச் சூடாக்க ஹீற்றர், வெயில் காய பல்ப், யூவிபி ரியூப் (வெயிலில் உள்ள புறஊதாக் கதிரைத் தருவது), அந்த ரியூப்பையும் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ மாற்ற வேண்டும். திருகோணமலையில் வறண்டு சுடும் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் ஹீற்றர் வாங்கச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். மேடைக்கு 32 முதல் 35 பாகை, தண்ணீருக்கு 24 முதல் 27 பாகை வேண்டும் என்கிறார்கள். மேடைச் சூடு நமக்கு இலவசம். யூவிபியும் இலவசம், ஆனால் வெயில் நேரடியாகப் பட வேண்டும். கண்ணாடி அதைத் தடுத்துவிடும். ஜன்னலோரத் தொட்டியில் வெயில் விழுகிறதே என்று இருந்தால் வைட்டமின் டி3 உண்டாகாது, கல்சியமும் உடம்பில் சேராது, ஓடு மெத்துப்போகும். எனக்கு வந்த சிக்கல் மறுபக்கம்: தண்ணீரை எப்படிக் குளிர்மையாக வைத்திருப்பது?

பழைய 500 லீற்றர் தண்ணீர்த் தாங்கியை மேற்பாதியில் கிரைண்டரால் வெட்டி எடுத்தேன். கறுப்புத் தாங்கி. நிலத்தின் மேல் வைத்துப் பார்த்த அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு தேர்மாமீற்றர் 35 காட்டியது. பாதி உயரத்துக்கு மண்ணில் புதைத்து, மேற்கே வேப்பமரம் வரும்படி இடம் மாற்றியதும் அதே நேரத்தில் 30, 31இல் நிற்கிறது. இன்னும் கூடத்தான், ஆனால் அடித்தண்ணீர் குளிர்மையாக இருக்கிறது, அதற்கு வேண்டுமென்றால் இறங்கிக்கொள்ளும். நம் மணல் தரை, தோண்டுவதில் சிரமமே இல்லை. காலை வெயில் மேடையில் விழும், மதியத்துக்குப் பிறகு வேம்பின் நிழல் ஒரு பக்கத்தில் எப்போதும் இருக்கும்.

சரி, இனி மேடைக்கு வருவோம். என் நேரத்தையெல்லாம் தின்றது அதுதான்.

கச்சானில் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் வற்றுகிறது. வாழைக்கு இறைக்கவும் இதிலிருந்துதான் அள்ளுகிறேன், ஊட்டமான தண்ணீர். ஆகவே நிலையாகப் பொருத்திய மேடை சரிவராது, இரண்டு நாளில் ஏறு பலகையின் நுனி தண்ணீருக்கு மேலே தொங்கும். மிதக்க வேண்டும். இரண்டு அங்குலப் பைப் நான்கு துண்டு, இரண்டு முனையிலும் மூடி போட்டு ஒட்டி, மேலே பனஞ்சிலாகை அடித்தேன். பலகை என்றால் வழுக்கும், தும்புக் கால்மிதி என்றால் ஊறி நாறும், தண்ணீரையும் தேநீர் நிறமாக்கும். சிலாகை பாரம், லேசில் உக்காது, நகத்துக்கு நல்ல பிடி. ஒன்று சொல்ல வேண்டும்: பனஞ்சிராய் ஊசி மாதிரி ஏறும். சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தேய்த்து என் விரல்தான் கிழிந்தது. சிலாகைகளுக்கு இடையில் விரல் அகலத்துக்கும் குறைவாகவே இடைவெளி விடுங்கள். கால் மாட்டினால் வேறு வினை வேண்டாம்.

மிதக்கிற எதற்கும் ஒரு குணம் உண்டு. அரைக் கிலோ ஆமை முன் ஓரத்தில் கையை வைத்ததும் அந்தப் பக்கம் தாழும், பின் பக்கம் எழும்பும். ஆமை மிரண்டு வழுக்கி விழும். அப்புறம் அந்தப் பக்கமே திரும்பிப் பாராது. மேடையின் பின் ஓரத்தை இரண்டு நிலைக்குத்துப் பைப்பில் வளையம் போட்டுக் கோர்த்தேன், ஏறி இறங்கட்டும், ஆனால் சரியக்கூடாது என்று. வளையம் இறுகினால் பைப்பில் சிக்கிக்கொள்கிறது. தண்ணீர் இறங்கிய பிறகும் மேடை மட்டும் கோணலாக அந்தரத்தில் நிற்கிறது. தளர்த்தினால் பழையபடி ஆட்டம். குறிப்பு எழுதினவர்கள் எல்லாம் "மிதக்கும் மேடை வாங்கி வையுங்கள்" என்ற ஒரு வரியோடு போய்விடுகிறார்கள். அவர்களுக்கு என்ன!

வழி எங்கள் பழைய மேசை லாச்சியில் கிடைத்தது. உள்ளே ஓடுகிற நீளம் குறைந்த அகல லாச்சி கோணிக்கொண்டு சிக்கும், நீளமானது வழுவழுவென்று ஓடும். இதுவும் அப்படித்தான். வளையத்தின் இறுக்கத்தில் ஒன்றுமில்லை, நீளந்தான் விஷயம். ஒரு அங்குலப் பைப்பின் மேல், அதைவிடப் பெரிய பைப்பில் எட்டு அங்குலத் துண்டை உறையாகப் போட்டு, மேடையின் பின் ஓரத்தை அந்த உறையில் இறுக்கினேன். இப்போது கையால் முன் ஓரத்தை அழுத்தினால் முழு மேடையும் மட்டமாகக் கொஞ்சம் தாழ்கிறது, அவ்வளவுதான். ஏறு பலகையின் நுனி தண்ணீருக்குள் நான்கு அங்குலம் அமிழ்ந்திருக்க வேண்டும். நீந்தி வரும் ஆமைக்குக் கால் தானாகத் தட்டுப்பட வேண்டும், தேடி ஏறாது. மேடைக்கு அடியில் வலையோ கயிறோ தொங்க விடவேண்டாம். மூச்செடுக்க மேலே வர முடியாமல் சிக்கினால் ஆமையும் மூழ்கிச் சாகும்.

பைப் துண்டுகள் எல்லாம் டவுனில் குழாய்ச் சாமான் கடையில் வெட்டி மிஞ்சியவை. முழுப் பைப் வாங்கினால்தான் தருவேன் என்று ஒரு கடையில் அடம். அடுத்த கடைக்காரர் "ஆமைக்கா தம்பி?" என்று சிரித்துவிட்டு ஒரு உரப்பை நிறையக் கொடுத்தார். காகத்துக்கும் பருந்துக்கும் மேலே பழைய மீன்வலை போட்டிருக்கிறேன், இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? ஆமைத் தீனிக்குத்தான் பஞ்சம். இங்கே மீன் தொட்டிக் கடையில் மீன் தீனி மட்டும் இருக்கிறது, மற்றதெல்லாம் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் யாராவது கொண்டுவர வேண்டும். கங்குன் இலை நன்றாகச் சாப்பிடுகிறது. கல்சியத்துக்கு உப்புவெளிக் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு. நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பு போக்கி, முதுகுப் பக்கத்துக் கெட்டித் தகட்டை உரித்துவிட்டுப் போட்டால் மெத்தென்ற பக்கத்தைக் கொறிக்கும். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஆமையிலிருந்து தொற்றும் சல்மொனெல்லாக் கிருமி விளையாட்டல்ல. ஆமைத் தண்ணீர் அள்ளும் வாளியைக் குசினிக்குள் கொண்டுபோக வேண்டாம்.

இதைப் பார்த்துவிட்டுக் குளத்தில் பாலாமை பிடித்து வந்து வளர்க்கலாமா என்று கேட்ட தம்பிமாருக்கு: கூடாது, அது சட்டப்படி குற்றம். இந்தச் சிவப்புக்காதைச் சலித்துப்போய்க் குளத்தில் விடுவதும் கூடாது. அமெரிக்கப் பிராணி இது, மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியலில் இருக்கிறது.

வடிகட்டி இன்னும் செய்யவில்லை. பெயின்ற் வாளிக்குள் ஸ்பொஞ்சும் கூழாங்கல்லும் போட்டுச் சின்னப் பம்பால் ஓட்டலாம் என்றிருக்கிறேன். ஆனால் அதற்கு முன் வழிந்தோடும் துளை. ஒக்டோபரில் வடகீழ் மழை இறங்கினால் தாங்கி விளிம்பு வரை நிரம்பும், மேடையும் கூடவே உயரும், பிறகு ஆமை ஒரு எட்டு வைத்தால் வெளியே. விளிம்பிலிருந்து ஒரு அடி கீழே துளை போட்டு, வலைக்கம்பி அடிக்க வேண்டும். துளை போடும் வாள் மச்சானிடம் இருக்கிறது, இரவல் கொண்டுபோனவர் இன்னும் தரவில்லை.