ஞாயிறு காலை ஆறு மணிக் கடல்

வீட்டிலிருந்து ஒரு பக்கம் நடந்தால் கடல், மறுபக்கம் நடந்தால் வயல்வெளி. இத்தனை வருடமாகப் பயணம் என்றாலே டிக்கெட் போட்டு, பெட்டி கட்டி, ராத்திரி வண்டி ஏறுவது என்றுதான் இருந்தேன். அக்காவுக்கு முழங்கால் வலி வந்து, தினம் கொஞ்சம் நடக்கச் சொன்னார்கள். துணைக்கு நான். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்புவது, கால் போகிற போக்கில் போவது, வெயில் ஏறியதும் திரும்புவது. இதுதான் எங்கள் திட்டம்.

நடந்து போக ஆகும் நேரத்துக்கு வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். எங்களுக்குச் சமதரையிலேயே அதைப்போல இரண்டு மடங்கு ஆகிறது. ஆகட்டும். பார்க்க அத்தனை இருக்கிறது.

முதல் ஞாயிறு கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. ஈரமணல் கெட்டியாக, அகலமாகக் கிடந்தது. முட்டிவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல தரை கிடையாது. காய்ந்த மணலில் கால் புதையும், ஈரமணல் தாங்கும். "நில்லுடா, காலடியைப் பாரு" என்றாள் அக்கா. அவள் மிதித்த இடத்தைச் சுற்றி மணல் வெளுத்துக் காய்ந்து போனது. காலை எடுத்ததும் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நின்றது. ஈரமணலில் மணிகள் நெருக்கமாக அடுக்கிக் கிடக்கும். மிதித்ததும் அவை ஒன்றையொன்று தள்ளி விலகுவதால் இடைவெளி கூடி, மேலே இருந்த தண்ணீர் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிவியலாளர் 1885இலேயே இதை விளக்கிவிட்டார். சின்ன வயதிலிருந்து கடற்கரையில் ஓடியவன் நான், ஒரு தடவைகூட இதைக் கவனித்ததில்லை. அன்று பத்து நிமிடம் அங்கேயே மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் பாறை முனையைச் சுற்றி அந்தப் பக்கம் போய், எட்டரைக்குச் சாவகாசமாகத் திரும்பினோம்.

அடுத்த ஞாயிறும் அதே ஆறு மணி, அதே வழி. பாறை முனையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினோம். திரும்பி வரும்போது அங்கே வழியே இல்லை, அலை பாறையில் அடித்துச் சிதறிக்கொண்டிருந்தது. மேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். "தண்ணி ஏறுது தம்பி, இந்தப் பக்கம் இறங்காதீங்க. மேல முள்ளுக்குள்ள ஒரு தடம் இருக்கு" என்று காட்டினார். அந்த ஏற்றத்தில் அக்கா பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. கடலைக் கேட்காமல் அவளைக் கூட்டிப் போனது என் தப்பு.

பெரும்பாலான கரைகளில் ஒரு கடல் ஏற்றத்துக்கும் அடுத்த கடல் ஏற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் தள்ளிவிடும். அதாவது ஒரு ஞாயிறு வற்றியிருந்த அதே நேரத்துக்கு, மறு ஞாயிறு கடல் ஏறி நிற்கும். கடிகாரத்தை நம்பிப் போனால் வாரம் விட்டு வாரம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். ஏறும் ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே சீராக வருவதில்லை. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே ஏறத்தாழ பாதி ஏறிவிடும். சும்மா இருப்பதுபோல் இருந்துவிட்டுச் சட்டென்று சூழ்ந்துகொள்வது அதனால்தான்.

கடல் ஏறி வற்றுவது நிலாவை ஒட்டித்தான். அதனால் இப்போது காலண்டரில் பிறையைப் பார்த்துத்தான் கிளம்புகிறோம். தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போது போய், திரும்பவும் ஏறத் தொடங்குவதற்குள் பாறையைத் தாண்டிவிடுவோம். கடல் ஒத்துவராத ஞாயிறுகளில் வயல் பக்கம். அங்கே அவசரம் எதுவும் இல்லை. பனி இறங்கிய காலையில் ஒற்றையடிப்பாதைக்குக் குறுக்கே சிலந்தி வலை கட்டியிருக்கும், இழைக்கு இழை நீர்த்துளி கோத்தபடி. வட்ட வலை பின்னும் சிலந்திகள் பலவும் பழைய வலையைத் தின்றுவிட்டுத் தினம் புதிதாகக் கட்டுகின்றன. அக்கா அதைக் கலைக்க விடமாட்டாள். முட்டி வலித்தாலும் குனிந்துதான் போவாள்.

போன வாரம் கரையில், காய்ந்த மணல் தொடங்கும் இடத்தில் ஒரு உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு எங்கள் முன்னால் ஓடியது. கூடு பக்கத்தில் இருந்தால் ஆளைத் திசைதிருப்ப அது அப்படிச் செய்யும். அப்படியே நின்று தேடினோம். மணலில் ஒரு சின்னப் பள்ளம், அதில் மூன்று முட்டைகள். புள்ளி போட்ட கூழாங்கல் மாதிரி இருந்தன. ஓரடி தள்ளி வைத்திருந்தால் மிதித்திருப்போம். வந்த தடத்திலேயே பின்வாங்கிச் சுற்றிப் போனோம்.

போன ஏற்றம் ஒதுக்கிய பாசிக் கோட்டுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நாலடிதான் இருக்கும். வியாழக்கிழமை பௌர்ணமி. அதை ஒட்டி ஓரிரு நாளில்தான் தண்ணீர் அதிகம் ஏறும். ஞாயிறு நடை இருக்கட்டும், சனிக்கிழமையே போய் எட்ட நின்று பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள் அக்கா.