நின்றால் அணையும் வண்டி

சிக்னலில் நின்றாலே வண்டி குலுங்கி அணைந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சமர்த்தாக ஓடும். பிளக் மாற்றினேன். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்திருந்த கரியைத் துடைத்தேன். ம்ஹூம். 750-இல் நிற்கவேண்டிய ஆர்பிஎம் முள் 500-க்கும் 1000-க்கும் ஊஞ்சலாடியது.

கடைசியில் காதைத் தீட்டிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தேன். மெல்லிய 'உஸ்ஸ்'! இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் குழாயான வேக்குவம் ஹோஸின் அடிப்பக்கம் ஒரு வெடிப்பு. விரலால் அடைத்ததும் குலுக்கல் போயே போச்சு.

ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், உள்ளே உறிஞ்சும் விசை அதிகம். சென்சார் அளக்காத காற்று வெடிப்பு வழியாகப் புகுந்து, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்துபோகும். மிதித்தால் உள்ளே வரும் காற்றே ஏராளம், அந்தக் கசிவு கணக்கிலேயே வராது.

கழற்றிப்போட்ட பழைய பிளக்குகள் நன்றாகத்தான் இருந்தன, பாவம்.