பாறைச் சுழற்சி: அம்புக்குறிகளைப் படியுங்கள்

குரூப் 2 தேர்வுக்குப் புவியியல் படிக்கும் பலர் பாறைச் சுழற்சியை வட்டமாக உருப்போடுகிறார்கள்: தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை, மறுபடி தீப்பாறை. கூற்று, காரணம் என்று கேள்வி வந்தால் இந்த வட்டம் கைகொடுக்காது. கிரானைட் மணலாகிப் படியாமலே ஆழத்தில் நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை ஆகிவிடும். படிவுப் பாறையே சிதைந்து இன்னொரு படிவுப் பாறையாகும். அதனால் சுழற்சிப் படத்தில் பாறைப் பெயர்கள் உள்ள பெட்டிகளைவிட, அவற்றை இணைக்கும் அம்புக்குறிகளில்தான் நான் நேரம் செலவிட்டேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாற்றியது எது என்று எழுதிக்கொண்டேன்: வெப்பமா, அழுத்தமா, நீரா, உருகலா?

சுண்ணாம்புப் பாறை சலவைக்கல்லாகும், மணற்பாறை குவார்ட்சைட் ஆகும் என்ற இணைகளை ஒரே மூச்சில் படித்துவிடலாம். ‘பொருத்துக’ பகுதிக்கு அது போதும்.

சேலத்தில் படிப்பவர்களுக்கு வழிகாட்டி நூல் தராத வசதி ஒன்று உண்டு. கஞ்சமலைக் கல்லைப் பாருங்கள்: கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக இருக்கும். கறுப்பு வரியில் காந்தம் ஒட்டும், அது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. வெளுப்பு குவார்ட்ஸ். பழங்கடலின் அடியில் இரும்பும் சிலிக்காவும் அடுக்கடுக்காகப் படிந்து, பிறகு ஆழத்தில் வெந்து இறுகியவை. பாறை உருமாறியும் அடுக்கு அழியவில்லை.

ஏற்காட்டு மலைச்சாலையில் வெட்டுண்ட பாறை முகங்களில் கருமையாகத் தெரிவது சார்னோகைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது. அதே பாறைதான் சேர்வராயன் மலையுச்சியில் செந்நிற பாக்சைட்டாக, அதாவது அலுமினியத் தாதுவாகக் கிடக்கிறது. சிலிக்காவையும் சோடியத்தையும் கால்சியத்தையும் மழைநீர் கரைத்துக்கொண்டு போக, அலுமினியம் தங்கிவிட்டது. உச்சி தட்டையாக இருப்பதால் நீர் வழிந்தோடாமல் ஊறியது. செங்குத்தான சரிவில் இது எளிதில் நடக்காது.

எனக்குப் பிடித்த உதாரணம் சேலத்துக்கு வடக்கேயுள்ள வெள்ளைக்கல் குன்றுகள். பார்த்தால் சுண்ணாம்பு என்றே தோன்றும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். இது குளிர்ந்த அமிலத்துக்கு அசைந்து கொடுப்பதே அரிது. இது மேக்னசைட் என்ற கனிமம். டியூனைட் என்ற தீப்பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, அதிலிருந்த மெக்னீசியத்தைக் கார்பனேட்டாக்கி, வெள்ளை நரம்புகளாக விட்டுச்சென்றது. முதன்மைத் தேர்வில் இதை எழுத நேர்ந்தால் ‘வெப்பம், அழுத்தம்’ என்ற வழக்கமான வரியை இங்கே ஒட்டாதீர்கள். கனிமம் எது, பாறை எது என்று பிரித்து, நீரின் வேதிவினையை எழுதுங்கள்.